கூறும் முழுமையும்: பெருங்கோப்புகளைப் பகுத்தேற்றும் முறையின் வரலாறும் மட்டக்களப்புப் பிரதேச ஆவணங்களும்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கி ஏறத்தாழ 30 கிலோமீற்றர் சென்றால், வாவியும் கடலும் அணித்தாக அமைய வாழைச்சேனை காணப்படும். ஈழத்தின் எழுத்து வரலாற்றில் இவ்வூருக்குத் தனியிடம் உண்டு. சுதந்திரத்தின் பின்னர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக விளங்கிய காலத்துத் திட்டங்களுள் ஒன்றாக எண்ணப்படும் காகித ஆலை இங்கேயே நிறுவப்பெற்று, 1956 இல் உற்பத்தியைத் தொடங்கியது. இலுக்குப் புல்லும் வயல்களில் எஞ்சும் வைக்கோலும் அதன் மூலப்பொருள்களாயின. நெல் விளையும் நிலத்தின் கழிபொருளே எழுதப்படும் தாளாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

காகித ஆலையின் தொழின்முறையில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. பொறியிலிருந்து காகிதம் தாள் தாளாக வெளிவருவதில்லை. அறாத நீண்ட படலமாக வெளிவந்து உருளையிற் சுற்றப்படுகின்றது. பின்னரே தாள்களாக வெட்டப்பட்டு, 500 தாள் கொண்ட றீம்களாகக் கட்டப்படுகின்றது. அச்சகத்தார் அத்தாள்களைப் பாரம் பாரமாக அச்சிடுகின்றனர். நூல் கட்டுவோர் அப்பாரங்களை வரிசை பிறழாது அடுக்கித் தைத்து மீண்டும் முழுமையாக்குகின்றனர். முழுமையைக் கூறாக்குதல், கூறுகளை வெவ்வேறாகக் கையாளுதல், கூறுகளை மீண்டும் முழுமையாக்குதல் என்னும் மூன்று நிலைகளும் இங்கே தெளிவாகத் தெரிகின்றன.

இதே மூன்று நிலைகளே இன்று கணினி நிரல் வழியாகப் பெருங்கோப்புகளைத் தொலைவிலுள்ள களஞ்சியங்களுக்கு அனுப்பும் முறைக்கும் அடிப்படையாயுள்ளன. முகிற் களஞ்சியம் எனப்படும் அவ்விடங்களுக்கு ஒரு பெருங்கோப்பைப் பல கூறுகளாகப் பகுத்தேற்றும் முறை 2010 ஆம் ஆண்டளவிற் பரவலாயிற்று. எனினும், அம்முறை தீர்க்க முயன்ற சிக்கல் புதியதன்று. நீண்டதொரு நூலைப் பகுதி பகுதியாகக் கொண்டுசெல்லும்போது எப்பகுதியும் தொலையாமலும் வரிசை மாறாமலும் காப்பது எவ்வாறு என்னும் வினா தமிழ்ச் சுவடி மரபுக்கு நன்கு பழக்கமானது. அவ்வினாவின் வரலாற்றையும், மட்டக்களப்புப் பிரதேச ஆவணங்களின் எதிர்காலத்துக்கும் அதற்குமுள்ள தொடர்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவடி மரபில் எண்ணும் தொகையும்

பனையோலைச் சுவடி இயல்பாகவே கூறுகளால் ஆனது. ஓர் ஏடு சில வரிகளையே கொள்ளும். எனவே ஒரு நூல் பல ஏடுகளிற் பரந்து கிடக்கும். ஏட்டின் ஓரத்தில் இடப்படும் எண்ணும், துளையூடே செல்லும் கயிறுமே அவற்றை ஒருமைப்படுத்துவன. கயிறு அறுந்தால் எண்ணே துணை. எண்ணும் செல்லரித்துப் போயின், பொருளறிவும் யாப்பறிவும் கொண்டு வரிசையை மீட்க வேண்டும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கொண்ட பதிப்புப் பணியின் பெரும்பகுதி இவ்வாறு சிதறிய கூறுகளை ஒன்றுசேர்க்கும் பணியே ஆகும்.

சங்கத் தொகைநூல்களின் பெயர்களை இந்நோக்கில் மீளப் பார்ப்பது பயன்தரும். புறநானூறு, அகநானூறு, ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து ஆகிய பெயர்கள் தத்தம் தொகையைத் தம்முள்ளேயே தாங்கி நிற்கின்றன. தொகுத்தோர் நூலின் பெயரிலேயே கணக்கை வைத்தமையாற்றான், பிற்காலத்தார் இழப்பை இழப்பென்று அறிய முடிந்தது. புறநானூற்றில் 267 ஆம், 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129 ஆம், 130 ஆம் பாடல்கள் இல்லை. பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் பத்தாம் பத்தும் மறைந்தன. இவ்விழப்புகள் வருந்தத்தக்கன. ஆயினும் இவை எங்கே, எத்துணை என்பது தெளிவாகத் தெரிகின்றது. எண்ணிடப்படாத நூலொன்றில் இரு பாடல்கள் உதிர்ந்திருப்பின், அது முழுநூல் என்றே கருதப்பட்டிருக்கும். இழப்பை உணர்த்துவது எண்; முழுமையின் அளவை உணர்த்துவது தொகை. இவ்விரண்டும் வெவ்வேறானவை.

மூன்றாவது காப்பொன்றும் தமிழில் உண்டு. அந்தாதித் தொடையில் ஒரு செய்யுளின் இறுதி அடுத்த செய்யுளின் முதலாக அமையும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அவ்வாறு அமைந்ததே. அந்தாதி செவிக்கு இன்பம் தருவது மட்டுமன்றி, வரிசையைக் காக்கும் வேலியாகவும் தொழிற்படுகின்றது. இடையில் ஒரு செய்யுள் தவறினாலும் இடம் மாறினாலும் தொடை அறுந்து குறையைக் காட்டிக்கொடுக்கும். பழைய அச்சுநூல்களில் ஒரு பக்கத்தின் ஈற்றில் அடுத்த பக்கத்தின் முதற் சொல்லை அச்சிடும் வழக்கமும் இத்தேவை நோக்கியே எழுந்தது.

மட்டக்களப்பிலும் இம்மரபு செழித்திருந்தது. கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிச் சடங்கின்போது பாடப்பெறும் கண்ணகி வழக்குரை, ஏட்டுப் பிரதிகளாகக் கோயில்தோறும் பேணப்பட்டு வந்தது. பண்டிதர் வீ. சீ. கந்தையா அதனை 1968 இல் பதிப்பித்தார். மட்டக்களப்பு மான்மியத்தை எவ். எக்ஸ். சி. நடராசா 1962 இல் அச்சேற்றினார். அச்சேறாத ஏடுகளும் கையெழுத்துக் கொப்பிகளும் இப்பிரதேசத்தில் இன்னும் பல உள. அவற்றின் நிலை இக்கட்டுரையின் பிற்பகுதியில் நோக்கப்படும்.

சட்டங் கொடுத்தலும் அடுக்குப் பார்த்தலும்

கூறாக்கும் முறையின் இன்னொரு வடிவம் மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளிற் காணப்படுகின்றது. கூத்தின் முழுப் பிரதி அண்ணாவியாரிடம் இருக்கும். ஆட வந்தோர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் தனியாக எழுதிக் கொடுக்கப்படும். சட்டங் கொடுத்தல் எனப்படும் இந்நிகழ்ச்சியுடனேயே பயிற்சி தொடங்கும். தருமருக்குரியதைத் தருமராக ஆடுவோர் பயில, அதே நாள்களில் வீமனுக்குரியதை வீமனாக ஆடுவோர் பயில்வார். ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருப்பதில்லை. ஒருவர் தம் சட்டத்தைத் தொலைத்துவிடின், அண்ணாவியாரின் கொப்பியிலிருந்து அப்பகுதியை மட்டும் மீண்டும் எழுதினாற் போதும். கூத்து முழுவதையும் படியெடுக்க வேண்டியதில்லை.

சதங்கை அணிதல் முதலிய படிகளைக் கடந்து, அரங்கேற்றத்துக்கு முன் அடுக்குப் பார்த்தல் நிகழும். தனித்தனியே பயின்றவை யாவும் அங்கே முதன்முறையாக நிரல்பட அடுக்கப்பட்டு, குறை காணப்படும். அதுவரை பகுதிகள் இருந்தன. அடுக்குப் பார்த்த பின்னரே கூத்து இருக்கின்றது. கணினித் துறையார் இருபத்தோராம் நூற்றாண்டில் வகுத்த முறையின் அமைப்பு முழுவதும் இவ்வழக்கத்தில் அடங்கியுள்ளமை வியப்புக்குரியது. அடையாளம் உள்ள பகுதிகள், ஒரே காலத்தில் நிகழும் பணி, தவறிய பகுதியை மட்டும் மீளச் செய்தல், இறுதியாக ஓர் அடுக்கு என்பனவே அவ்வமைப்பின் உறுப்புகள்.

பொதிகளின் காலம்

இலத்திரனியல் வழியாகச் செய்தியைக் கூறாக்கி அனுப்பும் எண்ணம் 1960களில் உருப்பெற்றது. அமெரிக்காவில் போல் பாரன், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின்னும் அறுந்துபோகாத தொடர்பு வலையொன்றை ஆராய்ந்து, செய்தியைச் சிறு துண்டுகளாக்கிப் பல வழிகளால் அனுப்பலாம் என 1964 இல் வெளியான தம் அறிக்கைகளில் விளக்கினார். இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் 1965 இல் தனித்து அதே முடிபுக்கு வந்து, அத்துண்டுகளுக்குப் ‘பொதி’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டார். 1969 இல் இயங்கத் தொடங்கிய ஆர்பாநெற் அக்கருத்தைச் செயலாக்கியது. 1974 இல் வின்ற் சேர்வ், றொபேட் கான் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை, பொதிகளுக்கு வரிசை எண் இட்டு, பெற்றமைக்கு ஒப்புகை அனுப்பி, தவறியவற்றை மீள அனுப்பும் நெறியை வகுத்தது. இன்றைய இணையத்தின் அடித்தளம் அதுவே.

கோப்பு முழுவதையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் நெறியை முதலில் வரைந்தவர் இந்தியர் ஒருவர் என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்ப நிறுவகத்திற் பயின்று, மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அபய் பூஷண், 1971 ஏப்பிரலில் கோப்பு மாற்ற நெறிமுறையின் முதல் வரைவை வெளியிட்டார். 1985 இல் வெளியான அதன் திருத்திய வடிவில், இடையில் அறுந்த மாற்றத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான கட்டளையும் இடம்பெற்றிருந்தது.

பொதி முறை இருக்கையில், கோப்பை மீண்டும் ஏன் கூறாக்க வேண்டும் என்னும் ஐயம் எழலாம். பொதியின் வரிசை எண்ணும் ஒப்புகையும் ஒரு தொடர்பு உயிரோடிருக்கும் வரையே செல்லுபடியாகும். தொடர்பு அறுந்து, புதிய தொடர்பு தொடங்கினால், முன்னைய கணக்கு யாருக்கும் நினைவில் இராது. தபாற்காரர் வழியில் மாறினால் முன்னவர் கொடுத்த கடிதங்களின் கணக்கு பின்னவருக்குத் தெரியாமை போன்றது இது. இணையப் பக்கங்களுக்கான நெறியில் 1997 முதல், பெறப்படும் கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டுப் பெறும் வசதி இருந்தது. அதனால் பதிவிறக்கம் இடையில் நின்றாலும் தொடரலாயிற்று. பதிவேற்றத்துக்கு அதற்கு நிகரான பொதுநெறி அன்று இல்லை. நூலைப் பெறுவோர்க்கு இருந்த வசதி நூலைக் கொடுப்போர்க்கு இல்லாதிருந்தது எனலாம். இலங்கையில் 1995 இல் வணிக இணையச் சேவை தொடங்கி, தொலைபேசிக் கம்பி வழியாக மெதுவாகவே அது இயங்கிய ஆண்டுகளில் இக்குறை பெரிதும் உறைத்தது. கோப்பை 1.44 மெகாபைற்று கொள்ளும் நெகிழ்வட்டுகளிற் பகுத்துக் கையிலேயே எடுத்துச் செல்வதும் அக்காலத்து வழக்கமாயிருந்தது. அவற்றுள் ஒரு வட்டுப் பழுதானாலும் கோப்பு முழுவதும் பயனற்றுப் போகும்.

முகிற் களஞ்சியமும் பகுத்தேற்றும் முறையும்

2006 மார்ச்சில் அமேசன் நிறுவனம் எஸ்3 என்னும் களஞ்சியச் சேவையைத் தொடங்கியது. எவரும் நிரல் வழியாகத் தம் கோப்புகளை அங்கே வைத்து, பயன்படுத்தும் அளவுக்கு வாடகை செலுத்தலாம். தொடக்கத்தில் ஒரு கோப்பு 5 கிகாபைற்றுக்கு மேற்படலாகாது. அதனையும் ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும். 2010 நவம்பரில் பகுத்தேற்றும் முறை அறிமுகமாயிற்று. அடுத்த மாதம், ஒரு கோப்பின் உச்ச அளவு 5 ரெராபைற்றாக, அதாவது ஏறத்தாழ ஆயிரம் மடங்காக உயர்த்தப்பட்டது. முதல் மாற்றமே இரண்டாவதைச் சாத்தியமாக்கியது என்பது வெளிப்படை.

இம்முறையின் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 250 பக்கம் கொண்ட கையெழுத்துக் கொப்பியொன்று, ஏ4 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் நுணுக்கத்தில், நிறத்துடன், சுருக்காமல் படிமமாக்கப்படுகின்றது எனக் கொள்க. ஒரு பக்கம் ஏறத்தாழ 26 மெகாபைற்று. முழுக் கொப்பி 6.5 கிகாபைற்று. செக்கனுக்கு 2 மெகாபிற் அனுப்பும் இணைப்பில் இதனை ஏற்ற ஏழேகால் மணித்தியாலம் செல்லும். ஒரே கோப்பாக ஏற்றும்போது ஏழாவது மணித்தியாலத்தில் மின்சாரம் தடைப்படின், மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். 64 மெகாபைற்றுக் கூறுகளாகப் பகுத்தால் 98 கூறுகள் அமையும். தடை நேர்ந்தால் இழக்கப்படுவது ஒரு கூறுக்குரிய நாலரை நிமிட உழைப்பே.

நிரல் செய்யும் பணி மூன்று படிகளைக் கொண்டது. முதற்படியில், இன்ன பெயருடைய கோப்பொன்று கூறுகளாக வரவிருக்கின்றது என்பதை நிரல் களஞ்சியத்துக்கு அறிவிக்கின்றது. களஞ்சியம் அப்பணிக்கென ஓர் அடையாளக் குறியைத் திருப்பிக் கொடுக்கின்றது. அக்குறியைத் தொலைக்காது குறித்துவைத்தல் இன்றியமையாதது. தொடர்பு எத்தனை முறை அறுந்தாலும் முன்னைய கணக்கை மீட்டுத் தருவது அதுவே. இரண்டாம் படியில், ஒவ்வொரு கூறும் அக்குறியோடும் 1 முதல் 10,000 வரையான ஓர் எண்ணோடும் அனுப்பப்படுகின்றது. கூறுகள் எவ்வரிசையிலும் செல்லலாம். பல கூறுகள் ஒரே வேளையிலும் செல்லலாம். ஒவ்வொரு கூறையும் பெற்றதும் களஞ்சியம் அதன் உள்ளடக்கத்துக்குரிய குறியொன்றைத் திருப்பி அனுப்பும். ஒரே எண்ணுடன் இருமுறை அனுப்பப்படின், பின்னது முன்னதன் இடத்தைப் பிடிக்கும். மூன்றாம் படியில், எண்ணும் உள்ளடக்கக் குறியும் அடங்கிய முழுப் பட்டியலை நிரல் அனுப்ப, களஞ்சியம் அதனைச் சரிபார்த்துக் கூறுகளை எண்வரிசையில் இணைக்கின்றது. அதன் பின்னரே அப்பெயரில் ஒரு கோப்பு இருப்பதாகப் பிறர் காண்பர்.

கூறின் அளவைத் தெரிவு செய்வதிலும் கணக்கு உண்டு. இறுதிக் கூறு தவிர்ந்த ஏனையவை 5 மெகாபைற்றிற் குறையலாகாது. எண்ணிக்கை 10,000 இன் மேற்படலாகாது. விடிய விடிய எட்டு மணித்தியாலம் ஆடப்படும் கூத்தொன்றைச் செக்கனுக்கு 25 மெகாபிற் வீதம் ஒளிப்பதிவு செய்தால் கோப்பு 90 கிகாபைற்றாகும். அதனை 5 மெகாபைற்றுக் கூறுகளாக்கினால் 17,000 இற்கு மேற்பட்டு எல்லையைக் கடந்துவிடும். ஆகவே கூறு 9 மெகாபைற்றாவது இருத்தல் வேண்டும். கூறு மிகச் சிறிதாயின் எண்ணிக்கை பெருகும். மிகப் பெரிதாயின் தடை நேரும்போது இழப்புப் பெருகும். இணைப்பு அடிக்கடி அறுபடும் இடங்களிற் சிறு கூறே தக்கது. பைதன் மொழிக்கான போற்றோ3 என்னும் நிரற்றொகுதி, வேறு கட்டளை இல்லாவிடின், 8 மெகாபைற்றுக் கூறுகளாகப் பகுத்துப் பத்துக் கூறுகளை ஒரே வேளையில் அனுப்புகின்றது. பலவற்றை ஒரே வேளையில் அனுப்புவதாற் கம்பியின் கொள்ளளவு கூடிவிடாது. தொலைவினால் ஏற்படும் காத்திருப்பே குறையும்.

தமிழெழுத்துக்கு இதில் ஏதும் இடர் உண்டோ என வினவலாம். பரவலாக வழங்கும் யூரிஎவ்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற்றுகள் தேவை. ‘கொ’ என்னும் எழுத்து ஆறு பைற்றுகளைக் கொள்ளும். கோப்பைப் பகுக்கும் நிரல் பைற்றையே எண்ணுமன்றி எழுத்தை அறியாது. ஆகவே ஒரு கூறின் எல்லை ஓரெழுத்தின் நடுவே விழக்கூடும். அக்கூறைத் தனியே திறந்தால் அதன் விளிம்பில் எழுத்துச் சிதைந்து தோன்றும். வரிசை பிறழாமல் இணைக்கப்படின் ஓர் எழுத்தும் பழுதாவதில்லை. ஏட்டின் ஓரத்தில் ஒரு சொல் பாதியில் முறிந்து அடுத்த ஏட்டில் தொடர்வது போன்றதே இது.

ஏனைய நிறுவனங்களும் இதனையொத்த வழிகளையே மேற்கொண்டன. மைக்குரோசொவ்ற்றின் அசூர் களஞ்சியத்தில் கூறுகளுக்கு வரிசை எண் இல்லை. அனுப்புவோர் இடும் பெயரே உண்டு. இறுதிப் பட்டியலே வரிசையைத் தீர்மானிக்கின்றது. கூகிள் களஞ்சியத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரும் முறையும், 32 வரையான கோப்புகளை ஒரே கட்டளையால் ஒன்றாக்கும் முறையும் உள்ளன. எண்ணால் வரிசைப்படுத்தல், பட்டியலால் வரிசைப்படுத்தல் என்னும் இரு நெறிகளும் சுவடி மரபுக்குப் புதியனவல்ல.

முற்றுப்பெறாத கூறுகள்

இம்முறையின் வலிமையோடு ஒரு குறையும் உடன்பிறந்தது. மூன்றாம் படி நிகழாவிடின், அதாவது நிறைவுப் பட்டியல் அனுப்பப்படாவிடின், 98 கூறுகளுள் 98 உம் வந்து சேர்ந்திருப்பினும் கோப்பு என்று ஒன்று இல்லை. கோப்புகளின் பட்டியலில் அது தோன்றாது. எவராலும் அதனைப் படிக்கவும் இயலாது. எனினும் அக்கூறுகள் களஞ்சியத்தில் இடம்பிடித்துக்கொண்டு கிடக்கும். அவற்றுக்கும் வாடகை அறவிடப்படும். கைவிடும் கட்டளையை உரியவர் வெளிப்படையாக இடும் வரை எஸ்3 அவற்றை நீக்குவதில்லை. குறித்த நாள்களுக்குப் பின் அவற்றைத் தானாகவே நீக்கும் விதியொன்றை ஏற்படுத்தும் வசதி 2016 இலேயே வந்தது. அசூர் களஞ்சியமோ பட்டியலிற் சேராத கூறுகளை ஒரு கிழமையின் பின் தானே அகற்றிவிடுகின்றது. ஒன்று கேளாமற் சேர்த்துவைக்கின்றது. மற்றது கேளாமல் அகற்றுகின்றது. எவ்வழியாயினும் விழிப்பாயிருக்கும் பொறுப்பு அனுப்புவோருடையதே.

சரிபார்ப்பிலும் நுண்ணிய இடரொன்று உண்டு. பகுத்தேற்றிய கோப்புக்கு எஸ்3 வழமையாக அளிக்கும் உள்ளடக்கக் குறி, கோப்பு முழுவதிலிருந்தும் நேரே கணிக்கப்பட்டதன்று. கூறுகளின் குறிகளைச் சேர்த்துக் கணித்து, ஈற்றிற் கூறுகளின் தொகையையும் இணைத்ததாகும் அது. எனவே ஒரே கோப்பை வெவ்வேறு அளவிற் பகுத்து இருமுறை ஏற்றினால் இரு வேறு குறிகள் கிடைக்கும். உள்ளடக்கம் மாறிவிட்டதோ என்னும் மயக்கம் பிறக்கும். ஆகையால் ஆவணம் பேணுவோர், பகுப்பதற்கு முன்னரே முழுக்கோப்புக்குமான சரிபார்ப்பு எண்ணைக் கணித்துத் தம்மிடம் எழுதிவைத்தல் வேண்டும். ‘நானூறு’ என நூலின் பெயரிலேயே தொகையை எழுதிவைத்த தொகுப்பாசிரியரின் செயலுக்கு நிகரானது இது.

மட்டக்களப்புப் பிரதேச ஆவணங்களும் இன்றைய தேவையும்

இவையெல்லாம் தொழில்நுட்பத்தாரின் சிக்கல்கள் என ஒதுக்கிவிட இயலாது. மட்டக்களப்புப் பிரதேசத்தின் அண்மைக்கால வரலாறு ஆவண இழப்பின் வரலாறாகவும் அமைந்துள்ளது. 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளி மாவட்டம் முழுவதையும் சிதைத்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வாழைச்சேனை, ஓட்டமாவடி முதலிய ஊர்களின் தமிழரும் முஸ்லிம்களும் பலமுறை இடம்பெயர நேர்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. உயிர் காத்து ஓடுவோர் பெட்டகத்திலுள்ள ஏடுகளை எடுத்துச் செல்வதில்லை. கோயிற் பத்ததி, பள்ளிவாசற் பதிவேடு, அண்ணாவியாரின் கூத்துக் கொப்பி, ஒலிநாடாவிற் பதிந்த தாலாட்டு ஆகியவை ஒரே பிரதியாக ஒரே வீட்டில் இருக்கும் வரை, அவ்வீட்டுக்கு நேர்வது அவற்றுக்கும் நேரும்.

ஒரே இடத்திற் குவித்தலின் இடரை 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவும் அதனை அடுத்தும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டமை உலகுக்கு உணர்த்தியது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் அழிந்தன. சிறந்த கட்டடமும் கவனமான பட்டியலும் இருந்தும் மறுபிரதி இல்லாதவை மீளவில்லை. அதே 1981 இலேயே வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்று, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இப்பிரதேச ஆவணங்களைப் பேணும் கடமை அந்நிறுவனத்துக்கும் அதன் மாணவர்க்கும் இயல்பாகவே உரியது.

இலத்திரனியல் முறையிற் தமிழ் நூல்களைப் பேணும் முயற்சி 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தால் வலுப்பெற்றது. தன்னார்வலர் உலகின் பல பாகங்களிலிருந்தும் பகுதி பகுதியாகத் தட்டெழுத்துச் செய்து அனுப்ப, அவை முழுநூல்களாகத் தொகுக்கப்பட்டன. 2005 இல் ஈழத்து நூல்களுக்கென நூலகம் திட்டம் தோன்றியது. நூல், இதழ், பத்திரிகை, சிறுவெளியீடு எனப் பல்லாயிரம் ஆவணங்களை அது பொதுவில் வைத்துள்ளது. எழுத்துவடிவக் கோப்புகள் சிறியவை. பக்கப் படிமங்களும், அவற்றிலும் மேலாக ஒலி, ஒளிப் பதிவுகளும் பெரியவை. வாய்மொழி மரபும் ஆடல் மரபும் வளம்பெற்ற மட்டக்களப்பின் ஆவணங்கள் பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையினவாகவே அமையும். பகுத்தேற்றும் முறை இப்பிரதேசத்துக்குச் சிறப்பாகப் பயன்படுவதன் காரணம் இதுவே.

இதற்கு எதிராகக் கூறப்படும் கருத்தொன்றையும் புறக்கணித்தல் தகாது. முகில் என்னும் பெயர் வானத்தை நினைவூட்டினும், அக்களஞ்சியம் நிலத்தில் உள்ளது. அது பிறர் நாட்டில், பிறர் உடைமையான கட்டடத்தில், வாடகை செலுத்தப்படும் வரை இயங்கும் பொறியாகும். அமேசனின் களஞ்சியங்கள் 2010 இற் சிங்கப்பூரிலும் 2016 இல் மும்பாயிலும் நிறுவப்பட்டன. வாழைச்சேனைக் கோயிலொன்றின் ஏட்டுப் படிமத்தை அங்கே வைத்தல், பேணுதலா அன்றிக் கையளித்துவிடுதலா என ஐயுறுவோர் உளர். அவ்வையத்தில் நியாயமுண்டு. உள்ளூரிலேயே ஆக்கப்பட்ட ஆலையின் உற்பத்தியும் போர்க்காலத்தில் நலிவுற்றது என்பதை நோக்கின், அண்மை மட்டும் பாதுகாப்பாகாது என்பதும் புலனாகும். தொலைவு மட்டுமே பாதுகாப்பு என்பதும் பொருந்தாது. ஆவணத்துக்குரியோரின் உடன்பாடு பெற்று, ஊரில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் ஒன்று, கடல்கடந்து ஒன்று எனப் பிரதிகள் இருத்தலே தக்க வழி. மூன்றும் ஒரே சரிபார்ப்பு எண்ணைத் தருகின்றனவா என ஆண்டுதோறும் ஒப்புநோக்குதலும் வேண்டும்.

ஒரு கோப்பின் 98 கூறுகளைத் தவறாது கொண்டு சேர்க்க நிரலால் இயலும். இந்த ஏடு எந்தக் கோயிலுக்குரியது, இக்கூத்துக் கொப்பியை எழுதியோர் யார், எந்தக் களரியில் இது ஆடப்பட்டது, இடையிற் கிழிந்த தாள்கள் எத்தனை என்பன நிரல் அறியாதன. அவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். படிமம் எடுக்கப்பட்டும் விவரம் எழுதப்படாத ஆவணம், கூறுகள் யாவும் வந்து சேர்ந்தும் நிறைவுப் பட்டியல் அனுப்பப்படாத கோப்பின் நிலையிலேயே உள்ளது. இருந்தும் அது காணப்படாது.

ஆகவே மட்டக்களப்புப் பிரதேச ஆவணப் பணியை மேற்கொள்ளும் மாணவர், படிமம் எடுக்கும் கருவியோடு குறிப்பேட்டையும் உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும். ஏடுகளை எண்ணித் தொகையை முதலில் எழுதுதல், இல்லாத ஏட்டின் எண்ணையும் பட்டியலிற் குறித்தல், உடையவரின் நினைவில் உள்ளதை அன்றே பதிதல், ஏற்றிய கோப்பை மீண்டும் இறக்கி ஒப்புநோக்கிய பின்னரே பணி முடிந்ததெனக் கொள்ளுதல் ஆகியவை அப்பணியின் ஒழுங்குகளாதல் வேண்டும். புறநானூற்றின் இரு பாடல்கள் இல்லை என்பதை இன்று உறுதியாகக் கூற முடிகின்றமைக்கு முன்னோர் பேணிய எண்ணொழுங்கே காரணம். வாழைச்சேனைப் பகுதியின் ஏடுகளைக் குறித்தும் அத்தகைய உறுதியோடு பேசும் வாய்ப்பைப் பின்வருவோர்க்கு அளிப்பது இத்தலைமுறையின் கையிலேயே உள்ளது.